நல்லதண்ணிக் கிணத்து மழை

எங்க ஊரு சித்தனேந்தல்ல ஒரு வைகாசி மாசம் பதினோரு நாள் விடாம மழை பேஞ்சது, பேஞ்ச பதினோரு நாளும் வானத்துல ஒரு மேகம் இல்ல, தரையில ஒரு சொட்டு ஈரம் இல்ல, ஆனா சனமெல்லாம் குளிர்ல நடுங்கி, குடையைப் பிடிச்சு, சேலையை முழங்காலு வரைக்கும் தூக்கிச் சொருகி, கூரை ஒழுகுற எடத்துல சட்டி பானையை வச்சு, அது நெறைய நெறைய எடுத்துட்டுப் போயி வாசல்ல ஊத்துனாக. நான் பாத்தேன். வெறும் சட்டியைத்தான் கவுத்துனாக. அந்த மழையைப் பெய்ய வச்சது சாமியும் இல்ல, பூதமும் இல்ல, நாந்தான். பேரு காளீஸ்வரி. இன்னும் இந்த ஊர்லதான் இருக்கேன், இந்தத் தெருவுலதான் நடந்து போறேன், தலையைக் குனிஞ்சு நடக்கப் பழகிட்டதால கால்ல முள்ளு தைக்கிறது மட்டும் கொறஞ்சிருக்கு.

ஊருக்குத் தெக்க ஒரு கெளுத்தி மீன் பண்ணை இருக்கு, அதுல எட்டு வருசமா எனக்கு வேலை, மீனுக்கு ஊசி போடுறது. கெளுத்தி இருக்கே, அது ரோசக்கார மீனு. தொட்டியில அடைச்சு வச்சு எம்புட்டுத் தீனி போட்டாலும் வயித்துல முட்டையைச் சுமந்துக்கிட்டே கெடக்குமே தவிர விடாது. மழை பேஞ்சு, புதுத்தண்ணி பெருகி வந்து, அது ஒடம்புல தட்டுனாத்தான் விடும். நம்ம சீமையில நெனச்ச நேரத்துக்கு மழைக்கு எங்க போறது, அதுக்குத்தான் அந்த மருந்து. சின்னக் கண்ணாடிக் குப்பியில வரும். கிலோவுக்கு அரை மில்லி கணக்குல முதுகுத் துடுப்புக்குக் கீழ சதையில ஏத்திட்டா, மீனு ஒடம்புக்குள்ள மழைக்காலம் வந்துரும். வெளிய வெயிலு மண்டையைப் பொளக்கும், அதுக்கு உள்ள மட்டும் ஐப்பசி. சாயங்காலம் ஊசி போட்டா விடியும்போது வயிறு இளகிரும். ஈரத்துணியில பொதிஞ்சு எடுத்து, கட்டைவிரலால மேலருந்து கீழ வழிச்சா, பச்சையும் பழுப்புமா முட்டை வந்து சட்டியில விழும். ஆண் மீனை வழிச்சா ஒண்ணும் வராது, அதை அறுத்து விந்துப் பையைத்தான் எடுக்கணும். எடுத்து, உப்புத் தண்ணியில நசுக்கி, முட்டை மேல ஊத்தி, கோழி இறகால கலக்கணும். இதுதான் நான் பாக்குற வேலை.

இதுல யாரும் சொல்லிக்குடுக்காத ஒண்ணை நானாச் சேத்துக்கிட்டேன். ஊசியை ஏத்துறப்ப, துள்ளுற மீனைத் துணியோட மடியில அணைச்சுக்கிட்டு, "மழை வந்துருச்சு தாயி"ன்னு சொல்லுவேன். மொத நாளு பயத்துல சொன்னது, பெறகு சொல்லாட்டி கை வராதுன்னு ஆகிப்போச்சு. இது ஊருக்குத் தெரியும். தண்ணிக்குப் போற எடத்துல, "என்ன காளி, இன்னைக்கு எத்தனை பேருக்குப் பிரசவம் பாத்த?"ன்னு கேப்பாக, நானும் சிரிச்சுக்கிட்டு, "நாப்பது பேருக்கு, எல்லாம் சொகப்பிரசவம்"னு சொல்லிட்டு வருவேன். பொய் சொல்றமேன்னு ஒரு நாளும் தோணுனதில்ல. மீனுகிட்டதானே சொல்றோம்.

அந்த வைகாசியில பண்ணைப் பக்கத்து ட்ரான்ஸ்பார்மர் வெடிச்சு மூணு நாளா கரண்டு இல்ல. மருந்து குளுமையிலதான் இருக்கணும், இல்லாட்டி வீணாப்போயிரும். மொதலாளி சிங்கராசு மதுரையில ஒரு கல்யாணத்துல இருந்தாரு, "எப்படியாச்சும் காப்பாத்தி வையி"ன்னு போன்ல சொல்லிட்டு வச்சுட்டாரு. எங்க ஊர்ல குளுமைன்னா ஒரே எடந்தான், அது நல்லதண்ணிக் கிணறு. சுத்துவட்டாரத்துல எங்க தோண்டுனாலும் உப்பு, அது ஒண்ணுதான் வாயில வைக்க ஆகும், ஊரே அதுலதான் குடிக்கும். கல்யாண வீட்டுப் பூவு, புது மாப்பிள்ளைக்கு வாங்குன கலரு சோடா, பாலு, எதுவா இருந்தாலும் தூக்குவாளியில போட்டு, கயித்துல கட்டி, தண்ணியைத் தொடுற மாதிரி அதுக்குள்ளதான் தொங்க விடுவோம், அது ஊரு வழக்கம். நானும் பன்னெண்டு குப்பியையும் தூக்குவாளியில அடுக்கி எறக்குனேன். மறுநாள் மத்தியானம் இழுக்கப் போனா கயிறு கல்லுல ஒரசி இத்துப் போயிருந்துச்சு. பாதி தூரம் வந்ததும் அத்துக்கிட்டு, தூக்குவாளி சுவத்துல ரெண்டு தரம் மோதி உள்ள போயிருச்சு. கண்ணாடி நொறுங்குன சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. உச்சி வெயிலு, கிணத்தடியில வேற ஒரு ஆளு இல்ல.

அடுத்த வீட்டு இருளாயி அக்காகிட்டப் போயி பாதாளக்கரண்டி கேட்டேன். கிணத்துல விழுந்த சாமான்களைக் கொக்கி போட்டு எடுக்குற கரண்டி அது, எங்க தெருவுக்கு அவகிட்ட மட்டுந்தான் இருக்கு. என்னை விடப் பத்து வயசு மூத்தவ. புருசன் செத்து ஏழு வருசமாச்சு, புள்ளை குட்டி கெடையாது, மூணு ஏக்கர் மானாவாரி நெலமும் அவளுந்தான். என் வீட்டுக்காரரு லாரியில போனா மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவாரு, அதனால நான் காய்ச்சலாக் கெடந்தா கஞ்சி வச்சுத் தந்தவ அவதான், வெளியூரு போனா வீட்டுச் சாவியை எங்கிட்டக் குடுத்துட்டுப் போறவளும் அவதான். "என்னத்தைப் போட்ட?"ன்னு கேட்டா. "வாளியக்கா"ன்னேன். மேக்கொண்டு ஒண்ணும் விசாரிக்காம எடுத்துக் குடுத்தா. கரண்டியைப் போட்டுத் துழாவி எடுத்தேன், மூடி இல்லாத தூக்குவாளியில கண்ணாடித் துண்டு நாலஞ்சு ஒட்டிக்கிட்டு வந்துச்சு, மருந்து பூராத்தையும் கிணறு குடிச்சிருச்சு.

அப்பவே ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கணும். சொன்னா என்ன ஆகியிருக்கும், நாலு பேரு வஞ்சிருப்பாக, கிணத்தை எறைச்சிருப்பாக, ரெண்டு நாளைக்கு உப்புத் தண்ணி குடிச்சிருப்பாக, அம்புட்டுத்தான். ஆனா குடிக்கிற கிணத்துல மீன் மருந்தைக் கொட்டுனவன்னு பேரு வருமே, அந்தப் பேரோட எப்படிக் குடத்தைத் தூக்கிட்டு வெளிய வாறதுன்னு நெனச்சேன். கிலோவுக்கு அரை மில்லி, இம்மாம் பெரிய கிணத்துக்கு இது எம்மாத்திரம்னு எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கிட்டேன். மொதலாளிகிட்ட மருந்து கெட்டுப்போச்சு, கொட்டிட்டேன்னு சொன்னேன். அப்படிக் கணக்குச் சொன்ன அதே காளீஸ்வரி, அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து பண்ணைப் போர்த்தண்ணியைக் கேன்ல புடிச்சிட்டு வந்து குடிச்சா. உப்புக் கரிக்கும், தொண்டையில எறங்காது, இருந்தாலும் குடிச்சேன். இதை நல்லா மனசுல வச்சுக்கங்க, மத்ததை விட இதைத்தான் என்னால வெளிய சொல்ல முடியாமக் கெடந்துச்சு.

மருந்து விழுந்த ரெண்டாம் நாள் மத்தியானம் இருளாயி அக்கா வாசல்ல காயப்போட்டிருந்த மிளகா வத்தலை ஓடி ஓடி அள்ளுனா. "காளி, துணியை எடுடீ, மழை எறங்கிருச்சு"ன்னு எங்கிட்டச் சத்தம் குடுத்தா. அண்ணாந்து பாத்தேன், வெள்ளை வெயிலு கண்ணுல குத்துச்சு. திரும்பி அவளைப் பாத்தா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கிட்டு, முகத்துல வழியாத தண்ணியை வழிச்சு வழிச்சு எறிஞ்சுக்கிட்டு நிக்குறா. தெருவுல ஒவ்வொரு வீடா ஆளுக வெளிய வந்து கையை நீட்டுனாக. ரெண்டு வருசமா மழையைப் பாக்காத சனம், கையை நீட்டி வச்சுக்கிட்டு அப்படியே நின்னாக, சில ஆம்பளைக அழுதாக.

பெறகு ஊரு அந்த மழைக்குப் பழகிருச்சு. மழை எதனால வந்துச்சுங்கிறதுல மட்டும் சண்டை, வடக்குத் தெருக்காரக நாங்க மழைக்கஞ்சி காய்ச்சுனதால வந்துச்சும்பாக, தெக்குத் தெருக்காரக நாங்க கழுதைக்குக் கல்யாணம் முடிச்சதால வந்துச்சும்பாக, ரெண்டு கூட்டமும் ஒரு குடைக்குக் கீழ ஒண்டிக்கிட்டே வாயடிக்கும். மூக்கையா டீக்கடையில வடைச்சட்டி எறங்காம பஜ்ஜி வெந்துச்சு. பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விடச் சொல்லி, லீவு மாசத்துலயே போயிக் கேட்டாக. கிணத்துத் தொட்டியில தண்ணி குடிக்கிற ஆடுக எல்லாம் பஸ் நிறுத்தத்து நெழலுல நெருக்கியடிச்சு நின்னு ஒடம்பைச் சிலுப்புச்சுக, காக்கா மட்டும் அதுகளை ஒரு மாதிரிப் பாத்துக்கிட்டு மொட்டை வெயில்ல உக்காந்திருந்துச்சு. பக்கத்து ஊருச் சொந்தக்காரக போன்ல, "இங்க ஒரு தூத்தலும் இல்லையே"ன்னா, "உங்க ஊரு பண்ணுன பாவம், எங்க ஊர்ல பெய்யுது"ன்னு இவுக சொன்னாக. சின்னப்புள்ளைக காயிதக் கப்பல் செஞ்சு தெருப்புழுதியில விட்டுச்சுக. அது ஓடுச்சு. காத்தும் இல்ல, தண்ணியும் இல்ல, கப்பலு மட்டும் ஆடி ஆடிப் போயி மூக்கையா கடை முக்குல திரும்புச்சு. அதெப்படின்னு எனக்கு இன்னைக்கும் வெளங்கல.

பரமக்குடியில இருந்து வர்ற பஸ்ஸு மட்டும் மொத ரெண்டு நாளு புழுதியோட வந்து நிக்கும். கண்டக்டரு வேர்த்து வடிஞ்சுக்கிட்டு எறங்கி, குடை பிடிச்சு நிக்குற எங்க சனத்தைப் பாத்துத் தலையில அடிச்சுக்குவாரு. மூணாம் நாள் தாகம்னு மூக்கையா கடையில ரெண்டு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சாரு, டிரைவருக்கும் ஒரு சொம்பு குடுத்தாரு. பஸ்ஸு திரும்பிப் போகையில ஜன்னல் சட்டரெல்லாம் எறங்கியிருந்துச்சு, முன்னாடி வைப்பரு ரெண்டும் ஆடிக்கிட்டே போச்சு.

நனையாத ஆளு ஊர்ல நான் ஒருத்தி மட்டுந்தான். அது எத்தனை பெரிய கஷ்டம்னு அனுபவிச்சாத்தான் தெரியும். எல்லாரும் நடுங்குற எடத்துல எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. "உனக்கு மட்டும் ஒரு சொட்டும் படலையேடீ"ன்னு தெருவுல ஒருத்தி கேட்டுப்புட்டா. அன்னையில இருந்து வீட்டை விட்டு எறங்குறதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணியைத் தலையோட ஊத்திக்கிட்டுத்தான் எறங்குவேன். தெருமுக்கு வர்றதுக்குள்ள வெயிலு அதைக் காய வச்சிரும், ஓடிப்போயி இன்னொரு வாளி ஊத்திக்கிட்டு வருவேன். பல்லைக் கடிச்சு நடுங்கிக் காட்டுவேன். கண்ணாடியில என் மூஞ்சியைப் பாக்கவே எனக்கு அருவருப்பா இருந்துச்சு.

மழையோட நாலாம் நாளு மானாவாரிக் காட்டுல ஏரு எறங்கிருச்சு. எங்க சீமையில ஆவணி புரட்டாசியில புழுதியில விதைச்சிட்டு ஐப்பசி மழைக்குக் காத்துக் கெடப்போம். இப்ப மழையே முன்னால வந்து நிக்குதுன்னு ஆளாளுக்கு விதை மூட்டையைப் பிரிச்சாக. அஞ்சாம் நாளு காலையில இருளாயி அக்கா என் வீட்டுக்கு வந்தா. தலை ஈரமா இருக்குறதா அவளுக்கு நெனப்பு, துண்டால தொடைச்சுக்கிட்டே உக்காந்தா, கை கால் வெடவெடன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு.

"எல்லாரும் விதைக்கிறாக காளி. எனக்கு என்னமோ கை வரல. வைகாசி மழையை நம்பி விதைச்சு நம்ம ஊர்ல வழக்கம் இல்ல."

"ம்"ன்னேன்.

"குலுக்கையில மூணு மூட்டை விதைநெல்லு கெடக்கு. ரெண்டு வருசம் வெளைச்சல் இல்லாமப் போயும் ஒரு படி எடுத்துப் பொங்கல. ரேசன் அரிசியைத் தின்னுக்கிட்டு அதைக் காப்பாத்தி வச்சிருக்கேன். இதுவும் போச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு திருப்பூரு பனியன் கம்பெனிக்குத்தான் போகணும். அங்க போயி ஒரு ரூம்புல எட்டு பேரோட படுக்க என்னால ஆகாதுடீ." துண்டைப் பிழிஞ்சு தோள்ல போட்டா. பெறகு, "உனக்கு மழையைப் பத்தித் தெரியும். எட்டு வருசமா மீனுகளுக்கு மழை வந்ததைச் சொல்லுறவ நீ. நீ சொல்லு, நான் கேக்குறேன். இது நெலைக்கிற மழைதானா?"ன்னா.

உண்மையைச் சொல்லணும்னா கிணத்துல இருந்து தொடங்கணும். தூக்குவாளியில இருந்து, பாதாளக்கரண்டியில இருந்து, கேன்ல கொண்டாந்து குடிக்கிற தண்ணியில இருந்து, தலையில ஊத்திக்கிட்ட வாளியில இருந்து தொடங்கணும். அஞ்சு நாளுல அம்புட்டுச் சேந்துபோச்சு. நான் அவ பக்கத்துல போயி, அந்தத் துண்டோட சேத்து அவளை அணைச்சுக்கிட்டேன். ஒடம்பு துள்ளுற மாதிரி நடுங்கிக்கிட்டிருந்துச்சு. "மழை வந்துருச்சுக்கா"ன்னேன். அவ ஒடம்பு அப்படியே இளகி என் தோள் மேல சாஞ்சுச்சு. அந்த இளக்கம் எனக்குப் பழக்கமானது, என் கைக்கு அது நல்லாத் தெரியும். எனக்கு அங்கயே செத்துரலாம் போல இருந்துச்சு, ஆனா சாகல, எந்திரிச்சுப் போயி அவளோட சேந்து மூட்டையைத் தூக்குனேன்.

மூணு ஏக்கரும் அன்னைக்கே விதைச்சா. புழுதி பறந்து கண்ணை மறைச்சுச்சு, சாரலு மூஞ்சியில அடிக்குதுன்னு சொல்லி முந்தானையால தொடைச்சுக்கிட்டா. பாதம் புழுதியில பொதைய, சேறு நல்லா மசிஞ்சிருக்குன்னு சந்தோசப்பட்டா. நான் கூடையைப் பிடிச்சுக்கிட்டு பின்னாலயே நடந்தேன். நடுநடுவுல வரப்புக்குப் போயி, பண்ணைக் கேன்ல இருந்த தண்ணியைத் தலையில தெளிச்சுக்கிட்டு வந்தேன். கடைசி மூட்டை முடிஞ்சதும் இருளாயி அக்கா சாக்கை ஒதறி மடிச்சு, நெலத்தைப் பாத்துக் கும்பிட்டா. பக்கத்துல நின்ன நானும் கும்பிட்டேன்.

பதினோராம் நாள் மத்தியானம் மழை நின்னுச்சு. ஊரு அந்த மருந்தை எறைச்சு எறைச்சுக் குடிச்சுத் தீத்துருச்சு போல. தெருவுல மொதல்ல ஒரு குடை மடங்குச்சு, பெறகு இன்னொண்ணு. சனம் தன் சேலையைத் தொட்டுப் பாத்துச்சு, கூரைக்குக் கீழ இருந்த சட்டியை எட்டிப் பாத்துச்சு, பெறகு எல்லாரும் அவங்கவங்க காட்டைப் பாக்கப் போனாக. காட்டுல புழுதி, புழுதி மேல நெல்லு, நெல்லு மேல மயிலு. மயிலுக தண்ணி குடிக்கிறது கண்மாய்ப் பள்ளத்துல, அதுகளுக்கு இந்த மழை தெரியாது, நெல்லு நல்லாத் தெரியும். அஞ்சாறு நாளா தின்னு கழுத்தைத் தூக்க முடியாம நின்னுச்சுக. மயிலு விட்டதை எறும்பு இழுத்துக்கிட்டுப் போச்சு.

அதுக்கு மேல எங்க ஊரு நடந்துக்கிட்ட விதந்தான் என்னை ரொம்பப் படுத்திருச்சு. ஒருத்தரும் மழை பெய்யலன்னு சொல்லல. "மழை விட்டுருச்சு"ன்னாக, அதோட சரி. ஏமாந்ததுக்கு ஊரே கூச்சப்பட்டுச்சு. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காமப் பேசுனாக, குடைகளை யாரு கண்ணுலயும் படாம பரண்ல ஏத்துனாக. வடக்குத் தெருவும் தெக்குத் தெருவும் நாங்க ஒண்ணும் மழையைக் கூப்புடலையேன்னு ஒதுங்கிக்கிச்சு. கண்டக்டரு எங்க ஊரு வந்தா பஸ்ஸை விட்டு எறங்குறதே இல்ல, டீயும் குடிக்கிறதில்ல. கூச்சப்பட வேண்டியவ நான் ஒருத்தி, எனக்காக ஒரு ஊரே தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் திரிஞ்சுச்சு.

ரெண்டு நாளு பொறுத்தேன், அதுக்கு மேல முடியல. விடிஞ்சதும் இருளாயி அக்கா காட்டுக்குப் போனேன். அவ குத்தவச்சு உக்காந்து, புழுதியைச் சல்லடையில அள்ளிச் சலிச்சுக்கிட்டிருந்தா. பக்கத்துல ஒரு கிண்ணத்துல கைப்பிடி நெல்லு இருந்துச்சு, நேத்து பூராச் சலிச்சு சேத்தது அது. நான் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். குப்பி, கயிறு, தூக்குவாளி எதையும் விடல.

சல்லடை நின்னுச்சு. "பாதாளக்கரண்டி வாங்கிட்டுப் போனியே, அதுக்குத்தானா?"

"ஆமாக்கா."

"நீ குடிச்சியா அந்தத் தண்ணிய?"

வேற எதை வேணும்னாலும் கேட்டிருக்கலாம். "இல்லக்கா"ன்னேன்.

"நனைஞ்சிருந்தியே."

"நானா ஊத்திக்கிட்டது."

அவ என்னை உச்சியில இருந்து பாதம் வரைக்கும் ஒரு தடவை பாத்தா. வைவா, அடிப்பா, மண்ணை வாரித் தூத்துவான்னு நின்னேன், அப்படி ஏதாவது செஞ்சிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். "அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு"ன்னு சல்லடையைப் பாத்துச் சொன்னா. திரும்பவும் சலிக்க ஆரம்பிச்சுட்டா. நான் எம்புட்டு நேரம் நின்னேன்னு தெரியல, அவ நிமிரல.

அடுத்த வாரம் வீட்டைப் பூட்டிட்டு திருப்பூருக்குப் போயிட்டா. எப்பவும் எங்கிட்டக் குடுக்குற சாவியை அந்தத் தடவை டீக்கடை மூக்கையாகிட்டக் குடுத்துட்டுப் போனா. நான் வாசல்லதான் நின்னேன், என்னைத் தாண்டித்தான் நடந்து போனா. நான் சொன்னதை அவ யாருகிட்டயும் சொல்லலன்னு போகப் போகத்தான் தெரிஞ்சுச்சு, ஏன்னா தண்ணிக்குப் போற எடத்துல பழையபடி, "எத்தனை பேருக்குப் பிரசவம் பாத்த காளி?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாக. நான் குடத்தைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

பண்ணையில ஊசி போடுறதை விட முடியல, வயிறு இருக்கே. ஆனா அந்தச் சொல்லை மட்டும் நிறுத்திட்டேன். சொல்லாட்டி முட்டை விடாதுன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு எனக்கு. மொத நாளு உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு ஊசியை ஏத்துனேன், விடிஞ்சு வழிச்சுப் பாத்தா எப்பவும் வர்ற மாதிரியே முட்டை வந்து சட்டி நெறைஞ்சுச்சு. எட்டு வருசமா அதை மீனுக்காகச் சொல்லலன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. அறுக்கவும் பிதுக்கவும் போற கைக்குத் தெம்பு வரணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டது அது.

ஐப்பசியில தீவாளிக்கு நாலு நாளு லீவு போட்டு இருளாயி அக்கா வந்தா. மெலிஞ்சிருந்தா, வெரல் நகமெல்லாம் சாயம் ஏறியிருந்துச்சு. தீவாளிக்கு மறுநாள் விடியக்காலம் மழை பிடிச்சுச்சு. மேகம் கூடி, இடி இடிச்சு, ஓட்டுல தடதடன்னு விழுந்துச்சு. நான் வாசல்ல நின்னு ரெண்டு கையையும் நீட்டுனேன், நனைஞ்சுச்சு. பண்ணைக்கு ஓடிப்போயிப் பாத்தேன், தொட்டித் தண்ணி மேல மழை கொதிச்சுக்கிட்டிருக்கு, தாய்க் கெளுத்திக எல்லாம் அடியில அசையாமப் படுத்திருக்குக, ஒண்ணுகூட மேல வந்து பாக்கல. ஊருக்குள்ள வந்தேன், அங்கயும் அதே கதைதான். ஒருத்தரும் குடை எடுக்கல. ஒழுகுற எடத்துக்கு ஒரு சட்டி வைக்கல. சனமெல்லாம் நெலைப்படியில நின்னு, நனைஞ்சுக்கிட்டே, அடுத்தவன் நனையுறானான்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டிருக்கு. மூக்கையா அடுப்புப் பத்த வைக்கல.

எங்க அம்மா வீடு வைகைக் கரையில. அங்க போயி அண்ணன் கால்ல விழாத கொறையா ஒரு மூட்டை விதைநெல்லு வாங்கிட்டு வந்து ஒரு மாசமா வச்சிருந்தேன். அதை உரச்சாக்கால சுத்தித் தலையில வச்சுக்கிட்டு இருளாயி அக்கா வாசல்ல போயி நின்னேன். "அக்கா, மழை வந்துருச்சு"ன்னேன். சொன்னதுக்குப் பெறகுதான் என்ன சொன்னேன்னு எனக்கே ஒறைச்சுச்சு.

அவ வெளிய வந்தா. "கையைக் காட்டு"ன்னா.

ஒரு கையால மூட்டையைப் பிடிச்சுக்கிட்டு மறு கையை விரிச்சேன். உள்ளங்கையில தண்ணி தேங்கி வழிஞ்சுச்சு. அவ அதை உத்துப் பாத்தா.

"இதையுந்தான் அன்னைக்குப் பாத்தேன்"னு சொல்லிட்டு எறங்கி நடந்துட்டா.

அவ பஸ் நிறுத்தத்துக்குத்தான் போனா. பின்னாலயே போயிப் பாத்தா, அங்க ஊரே நிக்குது. மழையில தொப்பலா நனைஞ்சுக்கிட்டு, எறவாரத்துல ஒதுங்காம, ரோட்டு மேலயே நிக்குதுக. "மக வர்றேன்னா"ன்னு ஒருத்தி என்னைப் பாத்ததும் சொன்னா. "மருந்து வாங்கியாரச் சொன்னேன்"னாரு ஒருத்தரு. "சும்மாத்தான், காத்தாட"ன்னாரு மூக்கையா. எல்லாரும் பரமக்குடி ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தாக. நாலு மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து வர்ற பஸ்ஸு நனைஞ்சு வருதா, காஞ்சு வருதா, அதைப் பாக்காம எங்க ஊரு ஒரு மழையை இனி நம்பாது. யாரால இப்படி ஆச்சுன்னு தெரிஞ்ச ரெண்டு பேரும் அந்தக் கூட்டத்துக்குள்ளதான் நின்னோம்.

பஸ்ஸு ஒரு மணி நேரம் கழிச்சு வந்துச்சு. சக்கரத்துல இருந்து ஜன்னல் வரைக்கும் செவந்த சேறு, கூரையில இருந்து தண்ணி தாரை தாரையா ஊத்துது. ஒருத்தரும் வாயைத் தொறந்து கேக்கல. இருளாயி அக்கா முன்னால போயி, பஸ்ஸோட தகரத்துல உள்ளங்கையை வச்சு மேலருந்து கீழ வழிச்சா. கை நெறையச் சேறும் தண்ணியுமா வந்துச்சு. மோந்து பாத்தா. "எங்க இருந்துப்பா நனைஞ்சு வர்றீக?"ன்னு கண்டக்டரைக் கேட்டா.

"பரமக்குடியில இருந்தேக்கா, ராத்திரி பிடிச்ச மழை"ன்னாரு கண்டக்டரு. கொஞ்சம் தயங்கி, "நான் இன்னைக்கு இங்க ஒண்ணும் குடிக்கல. டிரைவரை வேணும்னாலும் கேட்டுக்கங்க"ன்னாரு.

அதுக்குப் பெறகுதான் ஒருத்தரு ரெண்டு பேரா காட்டைப் பாத்து ஓடுனாக. இருளாயி அக்கா எங்கிட்ட வந்தா.

"விதை ஏது?"

"அம்மா வீட்டுது."

"எந்தத் தண்ணியில வெளைஞ்சது?"

"ஆத்துத் தண்ணிக்கா."

சாக்கு வாயைப் பிரிச்சு, ஒரு நெல்லை எடுத்துப் பல்லுல கடிச்சுப் பாத்தா. மூட்டையை என் தலையில இருந்து எறக்கித் தன் தலையில ஏத்திக்கிட்டா. "கூடையை எடுத்துக்கிட்டு வா. வாயைத் தொறக்காத"ன்னு சொல்லிட்டு முன்னால நடந்தா.

ஒரு மூட்டை ஒரு ஏக்கருக்குத்தான் கண்டுச்சு. நான் கூடையைப் பிடிச்சேன், அவ அள்ளி அள்ளி வீசுனா. ஒவ்வொரு கை விதைக்கும் அந்தப் பாழாப்போன சொல்லு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுங்கிட்டேன். சேறு நெசச் சேறு, காலை உள்ள இழுத்துச்சு. மழை விடாம பேஞ்சுக்கிட்டிருந்துச்சு, குளிர்ல என் பல்லு தானாத் தந்தியடிச்சுச்சு. கடைசிப் பிடியை வீசிட்டு அவ கூடையை வாங்குறதுக்குத் திரும்புனா. என் தலையைப் பாத்தா, தோளைப் பாத்தா, சேலையில இருந்து ஒழுகுற தண்ணியைப் பாத்தா.

"இன்னைக்கு நெசமாவே நனைஞ்சிருக்க"ன்னா.

ஆமாக்கான்னு சொல்ல வாயெடுத்தேன். வாயைத் தொறக்காதன்னு அவ சொன்னது நெனப்பு வந்து, தலையை மட்டும் ஆட்டுனேன்.